பாவு முடியட்டும் என்று சொன்னவருக்கு

மாமா,

இன்று காலை வாலாஜாபாத் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மடியில் ஒரு துணி மூட்டை. சாயம் போட்டு முழுதாகக் காயாத பட்டு. அந்த வாடையை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். உங்கள் வீட்டுத் தறி அறைக்குள் குனிந்து நுழைந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அதுதான். அது மூக்கில் ஏறியதும் என் இடது கை தானாக நெற்றிப்பொட்டுக்குப் போயிற்று. போனதை நானே பார்த்துவிட்டுக் கீழே இறக்கினேன். மூட்டைக்காரரும் பார்த்துவிட்டார்.

"தலவலியா சார்? வெறும் வயித்தோட கெளம்பிட்டீங்களா?"

"இல்லை" என்றேன். பொய். ஒன்பது நாளாக வலிக்கிறது. அதே பக்கம், அதே இடம்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் எலுமிச்சம்பழத்தோடு கோயிலுக்குக் கிளம்புவாள். அக்காவுக்கு உங்களைப் பறிகொடுத்த பயமே இன்னும் தெளியவில்லை. சப்ஸ்டேஷனில் சொன்னால் சிரிப்பார்கள். என் தலையின் கதை முழுதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இல்லாதவருக்குக் கடிதம் எழுதுவது என்னைப் போன்ற ஆளுக்குப் பொருந்தாத வேலை. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது, ஞாபகம் இருக்கும். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவன் செத்துப்போனான் என்று இன்னொருவன் எழுதியிருந்தான். நாலு மாதமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். மூளையில் கட்டி. ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. கார்டைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்று பிற்பகல் எனக்கு இடது பொட்டில் வலி தொடங்கியது.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவன். ஒரு கார்டைப் படித்தால் தலை வலிக்கும் என்று நம்புகிறவன் இல்லை. அதனாலேயே, இது கட்டிதான் என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் நான் ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியும். கிராப் பேப்பரில் தினமும் வலியைக் குறித்தேன். கீழே நேரம், பக்கத்தில் வலியின் அளவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. ஊரில் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். மூன்று பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் நன்றாகத் தூங்கச் சொன்னார். ஒருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டேன், வலி கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. டாக்டர் வீட்டை விட்டு வெளியே வந்து தெருமுனை திரும்பும்வரை மனசு லேசாக இருக்கும். தேரடி வருவதற்குள், 'அவன் சரியாகப் பார்த்தானா?' என்று தோன்றிவிடும். மறுநாள் அதே டாக்டர் வாசலில் போய் நிற்பேன். மூன்றாம் தடவை கம்பவுண்டர் என்னை உள்ளேயே விடவில்லை.

அக்கா முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். சாயங்காலம் டூட்டி முடிந்ததும் அம்மா கொடுத்தனுப்பும் சாப்பாட்டு அடுக்கோடு உங்கள் வீட்டுக்கு வருவேன். மூளையில் கட்டி இருந்தால் கண்மணி இரண்டும் அளவு மாறும் என்று எங்கோ படித்திருந்தேன். வந்ததும் தறிக்கு மேலே தொங்கும் பல்புக்கு அடியில் நின்று கண்ணை விரித்துக் காட்டுவேன்.

"ரெண்டு கண்ணு பாப்பாவும் ஒரே அளவா இருக்குதா பாருங்க மாமா."

நீங்கள் தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே எட்டிப் பார்ப்பீர்கள்.

"ஒண்ணு உங்கம்மா கண்ணு, ஒண்ணு உங்கப்பா கண்ணு. ரெண்டும் திருட்டு முழி. அளவு சரியாத்தான் இருக்குது."

"வெளையாடாதீங்க. நெஜமாப் பாருங்க."

"டேய் மச்சான், நாளைக்கு இன்னா, நாக்க நீட்டிக்கினு வருவியா? சோத்த வையிடா மொதல்ல."

கேலி செய்தீர்கள், சரி. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் என்னிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லவில்லை. ஒருநாள் நானே கேட்டேன். "மாமா, எனக்கு ஒண்ணும் இருக்காது இல்ல?"

குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். "எனக்கு இன்னாடா தெரியும்? நான் உன் மண்டைக்குள்ளயா உக்காந்துக்கினு இருக்கேன்? இருந்தாலும் இருக்கும். மெட்ராசுல பெரிய டாக்டர்கிட்ட போய்ப் பாத்துடலாம். நான் கூட வர்றேன். ஆனா இந்தப் பாவு முடியட்டும். அதுவரைக்கும் ஒரு டாக்டர் வாசப்படியையும் மிதிக்கக் கூடாது. கண்ணக் காட்டக் கூடாது. அந்தக் கட்டம் போட்ட காகிதத்த எங்கிட்ட குடுத்துடு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றிய மூன்று சேலைக்கான நூல். இவர் அந்த மூன்று சேலையை நெய்து முடிக்கும்வரை என் தலைக்குள் இருப்பது காத்திருக்குமா? ஆனாலும் காகிதத்தைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இருந்தாலும் இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் நீங்கள். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பாவு சீக்கிரம் முடிய வேண்டும் என்பது என் தலைபோகிற பிரச்சினையாகிவிட்டது. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று போகும் சேலைக்கு ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அக்கா செய்த வேலை அது. அவள் எங்கள் வீட்டில் இருந்ததால் நீங்களே எட்டி எட்டி இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தீர்கள். வேலை ஆமையாக நகர்ந்தது. ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அக்கா இடத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாடா இது?"

"ரெண்டு பேர் போட்டா பத்து நாள் முன்னாடி முடியும். கணக்குப் போட்டுட்டேன்."

நீங்கள் அன்று சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. முதல் நாள் நான் கோர்த்த கரையில் இரண்டு இடத்தில் உடம்பு நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடிக்காமல் விட்டுப் போயிருந்தன. சுண்டுவிரல் போகும் ஓட்டை. நீங்கள் திட்டவில்லை. பிரித்தீர்கள். பிரித்து மறுபடி போட்டோம். நாடாவை எப்போது தள்ள வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதில் கண்ணை வைத்தால் கை பொட்டுக்குப் போக நேரம் இல்லை. வலி இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழா எட்டா என்று அளக்க ஒழியவில்லை.

மூன்றாவது சேலையின் முந்தானை முடிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வந்துவிட்டேன். மறுநாளுக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். வந்து பார்த்தால் தறிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் புதுப் பாவு, மயில் கழுத்து நிறத்தில், சுருட்டி வைத்திருக்கிறது. பழைய பாவில் மிச்சம் விட்ட வால் தறியிலேயே தொங்குகிறது. அந்த வாலின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் முறுக்கிப் பிணைக்கத் தயாராகிறார்கள்.

"இது இன்னா?" என்றேன்.

"புதுப் பாவுடா. மொதலாளி அவசரம்ங்கறாரு. இது ஒண்ணு போவட்டும் மச்சான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் தொழிலில் பாவு முடிவதே கிடையாது. பழையதின் வாலில் புதியதைப் பிணைத்துவிடுகிறீர்கள். தறி ஒருநாளும் காலியாவதில்லை. முடியட்டும் என்று நீங்கள் சொன்ன நாள் வரவே வராது.

இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் கத்தினேன். "ஏமாத்திட்டீங்க! நான் சாவறதுக்குள்ள ஒரு பாவாவது முடியுமா? ஆஸ்பத்திரின்னா உங்களுக்குப் பயம், அத நேரா சொல்லுங்க. உங்கப்பா அங்க உள்ள போனவரு திரும்பி வரல, அதான? பயந்தாங்கொள்ளி!"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். உங்கள் முகம் கறுத்தது. ஆணியில் தொங்கிய கத்தரியை எடுத்தீர்கள். தறிக்குப் பின்னால் போய், இழைகள் கண் கண்ணாக நுழைந்து வரும் விழுதுக்கு அந்தப் பக்கம் அந்த வாலை, பிடி பிடியாக, ஒட்ட வெட்டினீர்கள். முன்பக்கம் வந்து மிச்ச நூலை உருவி எடுத்தீர்கள். விழுதும், சீப்புப் போன்ற அச்சும் வெறுமனே ஆடின.

"ஐயோ, தறியக் காலி பண்ணிட்டியேண்ணா!" என்று ஒரு பெண் தலையில் கை வைத்தாள். அவள் பதறியதன் கணக்கு எனக்கும் அப்போது தெரிந்திருந்தது. வால் இருந்தால் பிணைத்துவிட்டு இரண்டு நாளில் நெய்ய உட்காரலாம். வால் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாக விழுதின் கண்ணுக்குள்ளும் அச்சின் பல்லுக்குள்ளும் கோர்த்தாக வேண்டும்.

கத்தரியை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றேன்.

"காலையில மொத பஸ்."

அந்தப் பஸ்ஸில் நீங்கள் பூந்தமல்லி வரை ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வந்தீர்கள். நோயாளி யார் என்று கண்டக்டருக்கே குழப்பம். என்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் இருப்பதாகச் சொன்னீர்கள்.

டாக்டர் வயசானவர். மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்தார். முட்டியில் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னார். அறையை இருட்டாக்கி ஒரு சின்ன விளக்கைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் கண்ணின் பின்பக்கத்தில் தெரியும், உனக்குத் தெரியவில்லை என்றார். வாந்தி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது என்று எதுவும் வந்தால் உடனே வா, வராவிட்டால் ஆறு மாதம் கழித்து வா என்றார்.

"நிச்சயமா சார்?" என்றேன்.

"என்ன வேலை பார்க்கிறே?"

"சப்ஸ்டேஷன்ல, சார்."

"உன் டிரான்ஸ்பார்மர் நாளைக்கு வெடிக்காதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"சோதிச்சுப் பாத்தா, இன்னிக்கு நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுப்பேன்."

"அவ்வளவுதான். இன்னிக்கு நீ நல்லா இருக்கே. அடுத்த ஆளை வரச் சொல்லு."

வெளியே வந்தால் பெஞ்சில் நீங்கள் இல்லை. தேடினேன். எதிர்ப்புறம் கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில், நடைபாதையில் குத்துக்காலிட்டு, முகமெல்லாம் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தீர்கள். மருந்து வாடை தாங்காமல் வாந்தி எடுத்திருக்கிறீர்கள். மூன்று தடவை உள்ளே வந்து உட்காரப் பார்த்து மூன்று தடவையும் ஓடினீர்களாம். "இன்னாடா சொன்னாரு?" என்றீர்கள். சொன்னேன். சொல்லி முடித்த கையோடு, "நல்லாத்தான் பார்த்தாரு, இல்ல மாமா?" என்று ஆரம்பித்தேன். "நான் எங்கடா பாத்தேன்? நான் இங்க கக்கிக்கினு இருந்தேன்" என்றீர்கள். இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்து சிரித்தோம்.

அதன்பிறகு வெறுந்தறியைக் கோர்க்க லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் செய்த கேடு, நான்தான் உட்கார வேண்டும். நீங்கள் விழுதுக்கு முன்னால் கொக்கியோடு, நான் பின்னால் பாவோடு. நான் ஒரு இழை எடுத்துக் கொடுக்க, நீங்கள் கண்ணுக்குள் கொக்கியை விட்டு இழுக்க, அடுத்தது. ஐந்து நாள். இரண்டாம் நாள் பிற்பகல் வலி மண்டையைப் பிளந்தது. டாக்டர் சொன்ன எல்லாம் மறந்துவிட்டது. கை நின்றது.

விழுதுக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல்: "வலிக்குதா?"

"வலிக்குது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"சரி. இழையக் குடு."

கொடுத்தேன். வலித்துக்கொண்டே இருந்தது. கொடுத்துக்கொண்டே இருந்தேன். எப்போது நின்றது என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. என் வியாதி குணமான நாள் எது என்று கேட்டால் அந்தப் பிற்பகலைச் சொல்வேன். அன்றைக்கும் தலைவலி நின்றுவிடவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வரும், போகும். ஆறு மாதம் கழித்து ஒருதடவை டாக்டரிடம் போய் வந்தேன், தனியாக. அதோடு சரி.

இனி எழுத வேண்டியது எழுதப் பிடிக்காதது.

போன வருஷம் ஆடி மாதம் நீங்கள் சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தீர்கள். சோறு இறங்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நெய்ததை நான் பார்த்தேன். "டாக்டர்கிட்ட போலாமா மாமா?" என்று கேட்டேன். "பாவு முடியட்டும்டா" என்றீர்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கு நல்லது செய்த வார்த்தை அது. அந்த வார்த்தைக்குக் காத்திருந்துதான் நான் பிழைத்தேன். அவசரக்காரனான நான் பொறுமை கற்றுக்கொண்டுவிட்டதாகப் பெருமைப்பட்டேன். பொறுமையைக் காட்டுவதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை எனக்கு?

கண் மஞ்சளாகியிருந்தது. அக்கா கவனித்துச் சொல்லும்போது உங்களால் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுதான் போனோம். பதினோரு நாள். கல்லீரல் போய்விட்டது என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, அது போதும்.

தினம் தினம் என் கண்ணைப் பல்புக்கு அடியில் உங்களுக்குக் காட்டினேனே மாமா, அதே பல்புக்கு அடியில் உங்கள் கண்ணை நான் ஒருநாள் பார்த்திருக்கலாம். கத்தரி அதே ஆணியில்தான் தொங்கியது. நான் எடுத்து வெட்டியிருக்கலாம். நீங்கள் எனக்காக வெட்டினீர்கள். நான் உங்களுக்காக வெட்டவில்லை. இதற்கு நான் அழுது பயனில்லை, மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. நடந்தது இதுதான் என்று எழுதி வைக்கிறேன்.

இந்த ஒன்பது நாளும் என்னிடம் நானே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எண்ணெய் மாற்றும் வேலை நடக்கிறது. அது முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம். பஸ்ஸில் அந்தப் பட்டு வாடை வந்தபோதுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. அன்றைக்குப் பயத்தில் மூன்று டாக்டரிடம் ஓடினேன். இன்றைக்குப் பயத்தில் ஒரு டாக்டரிடமும் போகாமல் இருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான். நீங்கள் செத்த பிறகு எனக்கு முடிவைத் தெரிந்துகொள்ளவே தைரியம் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக எங்கள் என்ஜினீயரிடம் போய் நாளைக்கு லீவு கேட்டேன்.

"எண்ணெய் வேலை முடியட்டும்பா. அப்புறம் எடுத்துக்கோயேன்."

"முடியாது சார்."

"என்ன முடியாது?"

"வேலை முடியாது சார். இது முடிஞ்சா அடுத்தது இருக்குது. நாளைக்குப் போறேன். நாளை மறுநாள் வந்துடுவேன்."

கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா இப்போது உங்கள் இடத்தில் உட்கார்ந்து நெய்கிறாள். கரை நாடாவைத் தள்ளப் பக்கத்து வீட்டுப் பெண். பாதிச் சேலை ஏறியிருக்கிறது, முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். சொல்லக் கூடாது என்றுதான் போனேன். சொன்னேன். எத்தனை நாளாக, எந்த இடத்தில், எல்லாம். நாளைக்கு மெட்ராஸ் போகிறேன், அதே டாக்டர்தான், அவர் சொல்வதை ஒரு தடவை கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன், இருக்கிறது என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி என்றேன்.

அவள் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்தாள்.

"எத்தினி மணிக்குடா பஸ்ஸு?"

"அஞ்சரை. நீ எதுக்கு? உனக்குத் தறி இருக்குது."

"இருந்தா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பாதி ஏறிய சேலை மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினாள். "கொழந்தைய அம்மாகிட்ட உட்டுட்டு வந்துடறேன். நீ பஸ்ஸ்டாண்டுல நில்லு."